வந்துக்கினே கீறேன்

என் கரண்டு மாமாவுக்கு,

சீனிவாசபுரத்திலிருந்து தேவானை எழுதுவது. இங்கே நானும் ஜோதியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. சுகமில்லாமல் போய்த்தானே அங்கே சேர்ந்தாய், இனிமேல் புதிதாக உனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அந்த வரியை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். எழுத்தில் தப்பு இருந்தால் அதை பக் என்று எடுத்துக்கொள். பக் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன். கடல் காற்றுக்கு நம் பிளாக் சுவர் இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, மாடிப்படி பல்பை நீ போன பிறகு யாரும் மாற்றவில்லை, எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில் ஏறி இறங்குகிறோம், தண்ணீர் லாரி வழக்கம்போல நம்மைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது. இது எதுவும் புதிதில்லை. புதிதாக ஒன்று நடந்திருக்கிறது, அதை வேறு யாராவது அங்கே வந்து கை கால் வைத்து உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். மாமா, உன் பேருக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டார்கள். அடையாறில். பொய்யர் என்று வேறு எழுதிவிட்டார்கள்.

ஸ்டார் என்றால் என்ன, செத்தவனுக்கு எதற்கு ஸ்டார் என்று நீ கேட்பாய். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். ஜோதி தி.நகரில் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் படிக்கப் போய்க்கொண்டிருந்தாளே, பாதிப் படிப்பில் நீ போய்விட்டாய், மீதியை அவள் அழுதுகொண்டே படித்து முடித்தாள். போன தை மாதம் ஒருநாள் ஸ்வீட் டப்பாவோடு வந்து வேலை கிடைத்துவிட்டது என்றாள். இன்னா வேலைம்மா என்று கேட்டேன். டெஸ்டர் என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். டெஸ்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உன் சட்டைப் பையில் மற்றவர்களுக்குப் பேனா இருக்கிற இடத்தில் சொருகியிருக்கும், ஸ்க்ரூ டிரைவர் மாதிரி, மஞ்சள் பிடி, பிளக்கில் வைத்தால் வயிற்றுக்குள் குட்டியாக ஒரு விளக்கு எரியும், அதுதான். அப்பன் வேலையைப் பொண்ணு எடுத்துக்கினா என்று நான் அழுதேன், சிரித்தேன், பீரோவிலிருந்து உன் நீலச் சட்டையை எடுத்து அதன் பையிலிருந்த டெஸ்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, உன் போட்டோவுக்கு முன்னால் வைத்து எடுத்து, அவள் சாப்பாட்டுப் பைக்குள் அவளுக்குத் தெரியாமல் சொருகிவிட்டேன். அதோடு விட்டேனா, கீழ்வீட்டுப் புகழேந்தியிடம் என் பொண்ணு எலக்ட்ரீஷியன் ஆயிட்டா என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

முதல் நாள் ஆபீஸ் வாசலில் பையைப் பரிசோதிக்கிற மிஷின் கத்தியிருக்கிறது. வாட்ச்மேன் கையை விட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா இது?"

"டெஸ்டர்."

"யாரோடது?"

"எங்க நைனாவோடது."

"நீ இன்னா வேலைக்கு வந்துகீறே?"

"டெஸ்டர்."

"அப்ப பின்னாடி கேட்டு வழியா போம்மா. இது சாஃப்ட்வேர் ஆளுங்க வர்ற கேட்டு."

இந்தக் குழந்தை புது இடம், எதிர்த்துப் பேச வாய் வரவில்லை, பின்பக்க கேட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒருவர் இவளை ஜெனரேட்டர் அறைக்குக் கூட்டிப்போய், பெல்ட்டைக் காட்டி, நேற்றிலிருந்து சத்தம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். புதுப் பெண்ணைக் காணோமே என்று ரூபீனா தேடி வந்து மீட்டுக்கொண்டு போகிற வரைக்கும் உன் மகள் கிரீஸ் கையோடு அங்கேதான் நின்றிருக்கிறாள். ரூபீனா என்பது ஜோதிக்கு மேலே இருக்கிற பெண், திருவல்லிக்கேணிக்காரி, தங்கமான பிள்ளை. சாயங்காலம் ஜோதி வீட்டுக்கு வந்து என் மேல் பாய்வதற்குள் புகழேந்தி மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான். "அங்கிள், நான் சாஃப்ட்வேர் டெஸ்டர்" என்றாள் இவள். "சாஃப்ட்டா செய்வியோ ஹார்டா செய்வியோ, சட்னி அரைஞ்சா சரி, பாரும்மா" என்றான் அவன். அவளும் பார்த்தாள், மாமா. ஓடவில்லை. ஆனால் உன் டெஸ்டரை அவள் திருப்பித் தரவில்லை. ஆபீஸ் மேசை மேல் பேனா டப்பாவில் நிற்க வைத்திருக்கிறாளாம்.

அப்புறம்தான் அவள் வேலை என்ன என்று உட்காரவைத்துச் சொன்னாள். வேறு ஒருவர் ப்ரோகிராம் எழுதுவாராம். அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று இவள் தேடிச் சொல்ல வேண்டுமாம். "அடுத்தவங்க செஞ்சதுல தப்பு சொல்றதுக்கா சம்பளம்? உங்க அத்தை இத்தினி வருசமா சும்மாவே செஞ்சிக்கினு கீறாளே" என்றேன். ஜோதி சிரிக்கவில்லை. "அத்தை ஆளைச் சொல்லும்மா. நாங்க ஆளைச் சொல்லக்கூடாது, தப்பை மட்டும்தான் சொல்லணும். எத்த அமுக்கி, அப்பால எத்த அமுக்கினா அது வருதுன்னு வரிசையா எழுதிக் குடுக்கணும். இல்லாங்காட்டி எழுதினவரு என் மிஷின்ல நல்லாத்தானே ஓடுதுன்னு சொல்லிடுவாரு" என்றாள். நீயும் அப்படித்தானே. நான் போட்டப்ப எரிஞ்சுதே என்று சொல்லாத வீடு உண்டா மயிலாப்பூரில்? அந்தத் தப்புக்குத்தான் பக் என்று பேர். பக் என்றால் பூச்சியாம். இப்படி நடக்க வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்வார்களாம், அது எதிர்பார்த்தது. போட்டுப் பார்த்தால் ஒன்று நடக்கும், அது நடந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பக். நான் உடனே பிடித்துக்கொண்டேன். "உங்க நைனா பொழுதோட வர்றேன்னு சொல்லிட்டுப் போவாரே, அது எதிர்பார்த்தது. தெரு நாய் படுத்தப்புறம் வந்து கதவத் தட்டுவாரே, அது நடந்தது. அப்ப இந்த வூட்டுல பெரிய பக் யாரு?" என்றேன். அப்போதுதான் சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை, அதனால் தினமும் ஒன்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஒன்று வந்தால் முதலில் மேலோட்டமாக ஓட்டிப் பார்ப்பதற்கு ஸ்மோக் டெஸ்ட் என்று பேர். புகை வருகிறதா என்று பார்ப்பது. நீ வயரிங்கை முடித்து மெயின் சுவிட்சைப் போடும்போது "தேவானை, பொகை வருதா பாரு" என்று கத்துவாயே, அதேதான், அவர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வயது பதினெட்டிலிருந்து அறுபது வரைக்கும் என்று ஆப் கேட்டால், இவள் பதினேழு போட்டுப் பார்ப்பாள், பதினெட்டு போட்டுப் பார்ப்பாள், அறுபது, அறுபத்தொன்று போட்டுப் பார்ப்பாள். நடுவில் இருக்கிறவர்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பூச்சி எப்போதும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்குமாம்.

அவர்கள் செய்துகொண்டிருந்த ஆப் என்ன தெரியுமா? வீட்டுக்கு எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் கூப்பிடுகிற ஆப். போனில் அமுக்கினால் ஆள் வருவான், வேலை முடிந்ததும் அவனுக்கு ஸ்டார் போடலாம், ஐந்து போட்டால் நல்லவன், ஒன்று போட்டால் ஆகாதவன். ஒரு சனிக்கிழமை ரூபீனா என்னை ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டாள். நான் போத்தீஸில் எடுத்த அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், முன்பக்க கேட்டு வழியாக.

"ஆன்ட்டி, எங்க ஆளுங்க எல்லாரும் கரெக்டாவே அமுக்குறாங்க. தப்பா அமுக்க ஆள் இல்ல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"தப்பா அமுக்க எனக்கு யாராச்சும் சொல்லித்தரணுமா, கண்ணு."

புக் பண்ணுங்க ஆன்ட்டி என்றாள். எனக்கு அது பக் பண்ணுங்க என்று காதில் விழுந்தது. தப்புப் பண்ணத்தானே கூப்பிட்டார்கள் என்று பேர் கேட்ட இடத்தில் ரேஷன் கார்டு நம்பரை அடித்தேன், போன் நம்பர் கேட்ட இடத்தில் நம் பிளாக் பேரை அடித்தேன், விலாசம் கேட்ட இடத்தில் ஒன்றுமே அடிக்காமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஆப் படுத்துவிட்டது. பயந்துபோய்க் கையை எடுத்தால், ரூபீனா கைதட்டுகிறாள். "இதுக்குப் பேருதான் நெகட்டிவ் டெஸ்டிங், ஆன்ட்டி. குடுக்கக்கூடாததைக் குடுத்தாலும் அது விழாம நிக்கணும்." "கல்யாணமான நாள்லேர்ந்து மாமியாரு வூட்டுல எனக்கு அதத்தாம்மா பண்ணிக்கினு இருந்தாங்க" என்றேன். பக்கத்து மேசைப் பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சரி, இப்போது ஒழுங்காகச் செய்யுங்கள் என்றாள். ஒழுங்காகச் செய்தேன். எலக்ட்ரீஷியன் வேண்டும் என்பதை அமுக்கினேன். ஒரு சக்கரம் சுற்றியது. அப்புறம் நீ வந்தாய்.

நீதான், மாமா. உன் மீசை, உன் நீலச் சட்டை, பையில் டெஸ்டர். தங்கவேல், எலக்ட்ரீஷியன், உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தது. நான் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். ஏன் என்று கேட்காதே. ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒத்திகை பாக்கறதுக்கு சும்மா வாயில வந்த பேரப் போடச் சொன்னாங்கம்மா" என்றாள். மற்றவர்கள் ஆ ஆ ஆ என்று அடித்தார்களாம், ஒருவன் அவன் வீட்டு நாய் பேரைப் போட்டானாம். "எனக்கு வாயில வந்தது நைனா பேருதான்." திரையில் ரோடு படம் ஒன்று இருந்தது, அதில் குட்டியாக ஒரு பைக். வண்டி ஏன் நகரவில்லை என்று கேட்டேன். "அது ஒத்திகைக்கு வெச்ச டம்மி ஆன்ட்டி, நகராது" என்றாள் ரூபீனா மெதுவாக. "நகரலேன்னா அது அவரேதான். மந்தைவெளியில கலீமுல்லா கடையில டீ குடிச்சிக்கினு இருப்பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ரூபீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

வந்துகொண்டிருக்கிறார் என்று அது சொல்கிறதே, அந்த வார்த்தையை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தது? நான் போன் போட்டு எங்க கீறே என்று கேட்டால் நீ என்றைக்காவது வேறு பதில் சொல்லியிருக்கிறாயா? தோ, வந்துக்கினே கீறேன். பின்னால் கலீமுல்லா டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்கும். தோ, மந்தைவெளி தாண்டிட்டேன். தி.நகரில் பூக்காரன் கத்துவது கேட்கும். கூப்பிட்ட வீட்டுக்காரர்களுக்கும் இதே பதில்தான், எனக்கும் இதே பதில்தான், எந்த வீட்டுக்கும் போகாமல் விட்டதும் இல்லை, எந்த வீட்டுக்கும் சொன்ன பொழுதுக்குப் போனதும் இல்லை. அன்றைக்கு நான் கிளம்பும்போது ரூபீனா அந்த ஒத்திகை ஆப்பை என் போனில் போட்டுக்கொடுத்தாள், சாம்பல் கலரில் ஒரு கட்டம். சாயங்காலம் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது அதை ஒருதரம் அமுக்குவேன். நீ வந்துகொண்டிருப்பாய். உனக்கும் ஒரு டம்ளர் சேர்த்தே கொதிக்க வைக்கிற பழக்கம் விடவில்லை, அது ஆறிப்போனதும் நானே குடித்துவிடுவேன். இதை ஜோதியிடம் சொல்லவில்லை.

இனிமேல்தான் வம்பு. கோடம்பாக்கத்தில் நீ லைட் கட்டப் போன காலத்தில் சொல்வாயே, ஒத்திகையில் என்ன உளறினாலும் பரவாயில்லை, டேக் என்று வந்துவிட்டால் எல்லாம் பதிவாகிவிடும் என்று. இதுவும் அப்படித்தான். ஒத்திகைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஊர் ஜனங்கள் நிஜமாகவே அமுக்குவதற்கு இன்னொரு கம்ப்யூட்டர். ஊருக்கு விடுவதற்கு முன்னால் ஒத்திகைப் பேர்கள் அத்தனையையும் எடுத்துவிட வேண்டும், அது ஜோதியின் வேலை. ஆ ஆ ஆ-வை எடுத்தாள், நாயை எடுத்தாள், உன்னைக் கடைசியாக எடுக்கலாம் என்று வைத்திருந்தாள், யாரோ கூப்பிட்டார்கள் போனாள், வந்து எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று டிக் அடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆப் ஊருக்குப் போய்விட்டது, உன்னையும் சேர்த்துக்கொண்டு. நீலக் கலர் கட்டமாக என் போனுக்கும் வந்தது. ஒத்திகையில் ஆபீஸ் பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கி அமுக்கி உனக்கு ஐந்து ஸ்டார் சேர்ந்திருந்தது. அந்த ஸ்டாரும் உன் மீசையும் பார்த்தால் எவர்தான் விடுவார்கள்? சனிக்கிழமை பூராவும் மயிலாப்பூரும் அடையாறும் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் நீ ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறாய். அதிலே எனக்குக் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து பார்த்தால் உன் பேருக்குக் கீழே ஒற்றை ஸ்டார். காலையிலிருந்து இந்த ஆள் வந்துகொண்டே இருக்கிறார், வரவில்லை, ஃப்ரிட்ஜ் ஓடாமல் என் மீன்குழம்பு கெட்டுப்போனதுதான் மிச்சம், பொய்யர். இப்படிக்கு பிரிஸில்லா, அடையாறு.

நான் அதை இரண்டு தரம் படித்தேன். அதற்குள் ரூபீனா ஜோதிக்குப் போன் போட்டுவிட்டாள். தப்பின் கனத்தைப் பார்த்தால் சின்னது, ஒரே ஒரு பேர்தான், ஆனால் அவசரத்தைப் பார்த்தால் இதற்கு மேல் இல்லை, சாயங்காலத்துக்குள் நீயே வீட்டிலிருந்து எடுத்துவிடு, நாளைக்குக் காலையில் மேலே இருப்பவர்கள் பார்த்தால் என்னாலும் பேச முடியாது என்று சொல்லியிருக்கிறாள். ஜோதிக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, அது உனக்குத் தெரியாது. பிள்ளை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பல் விளக்கவில்லை. "ஒரு பட்டன்தான்ம்மா. அமுக்க கை வரல. நீ சொன்னா எடுக்கறேன்" என்றாள். என்னைச் சொல்லச் சொல்கிறாளே. குப்பத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, பஸ் ஏறி அடையாறில் இறங்கிவிட்டேன். விலாசம் அவள் லேப்டாப்பில் இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்து வைத்துக்கொண்டேன். கஸ்டமர் வீட்டுக்குப் போகக்கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்?

காந்தி நகரில் கேட் வைத்த வீடு. பிரிஸில்லா டீச்சர் கான்வென்டில் பாடம் சொல்லி ரிட்டையர் ஆனவர், தனியாக இருக்கிறார், அப்போதுதான் பூசைக்குப் போய்விட்டு வந்த முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"யாரும்மா நீ?"

"நான் தங்கவேல் வீட்டுக்காரி."

"எந்தத் தங்கவேல்?"

"வந்துக்கினே கீறாரே, அவரு."

"ஓ, அந்த மகராசனா. நேத்து பூரா குளிக்கக்கூடப் போகாம இந்தக் கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் தெருமுனையிலேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஃபியூஸ் போட்டேன். இப்ப வீட்டுக்காரியை அனுப்பி சமாதானம் பேசுறாரா? எங்கே அவரு?"

"எரிச்சாச்சு டீச்சர். ரெண்டு வருசமாவுது."

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒத்திகை, டேக், நாய், டிக் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை, செத்தவரையா பொய்யர்னு எழுதிட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுவாருதான், டீச்சர். தினம் சொல்லுவாரு. டீக்கடையில குந்திக்கினே வந்துக்கினு கீறேம்பாரு. கடைசி நாளு மட்டும்தான் நெசம். நான் போன் போட்டப்ப டம்ளர் சத்தம் கேக்கல, ரோடு சத்தம்தான் கேட்டுச்சு. லஸ் முனையில வண்டிய ஓரமா ஸ்டாண்டு போட்டுட்டு பிளாட்பாரத்துல குந்துனாராம். அப்படியே சாஞ்சிட்டாராம். அன்னிக்கு நெசமாவே வந்துக்கினு இருந்தாரு."

டீச்சர் முக்காட்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கொண்டா, ஐந்து ஸ்டாராக மாற்றிவிடுகிறேன் என்று போனை எடுத்தார். போட்ட ஸ்டாரை அந்த ஆப்பில் மாற்ற முடியவில்லை. இதுவே ஒரு பக் என்று நான் சொன்னேன், ஜோதியிடம் எழுதச் சொல்ல வேண்டும் என்றேன். இருவரும் சேர்ந்து இருக்கிற பட்டனை எல்லாம் அமுக்கினோம். அவர் விரல் ஒன்று, என் விரல் ஒன்று. சக்கரம் சுற்றியது. தங்கவேல், எலக்ட்ரீஷியன், உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். நாங்கள் மறுபடியும் உன்னைக் கூப்பிட்டுவிட்டோம். முதலில் டீச்சர் சிரித்தார், அப்புறம் நான். சிரித்து முடித்து அவர் டீ போட்டுக்கொண்டு வந்தார், படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டை எட்டிப் பார்த்தோம். சாப்பாடு கொண்டுபோகிற பையன். டம்ளர் காலியானதும் நான் எழுந்தேன். "சும்மாதான். இன்னும் கொஞ்ச நேரம் பாப்போமே" என்றார் டீச்சர். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மீன் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். ஜோதி எங்கே போனாய் என்று கேட்கவில்லை, கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "அந்த ஒத்த ஸ்டார மட்டும் எடுக்க முடியாதா?" என்று கேட்டேன். முடியாதாம். ஸ்டார் உன் பேரோடு ஒட்டியிருக்கிறதாம். உன்னை வைத்துக்கொண்டால் ஸ்டாரையும் பொய்யரையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், உன்னை எடுத்தால் அதுவும் போய்விடும். நான் யோசித்தேன், மாமா. ரொம்ப நேரம் இல்லை. இன்றைக்கும் நாலு வீட்டில் யாராவது கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஒருவன் வரவேண்டும், வேறு ஒருவனாவது வரவேண்டும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்துடு ஜோதி என்றேன். அவள் பட்டனை அமுக்கினாள். உடனே போகவில்லை. தங்கவேலை நீக்கவா, நீக்கினால் திரும்பப் பெற முடியாது, நிச்சயமா என்று கேட்டது. உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்த மிஷின் கேட்கிறது பார் என்று எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஜோதி என் கையைப் பிடித்து அந்தப் பட்டன் மேல் வைத்தாள். இரண்டு பேருமாக அமுக்கினோம்.

அதோடு முடியவில்லையாம். எடுத்தது நிஜமாகவே போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும், அது ரீ-டெஸ்ட். தங்கவேல் என்று அடித்துத் தேடினாள். யாரும் இல்லை என்று வந்தது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, ரெக்ரெஷன் என்று பேர், சொல்ல எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. ஒன்றை எடுத்த பிறகு அதைச் சுற்றி இருந்ததெல்லாம் முன்னே மாதிரி ஓடுகிறதா, எதுவாவது விழுந்துகிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது. பிளம்பர் வருகிறாரா, வருகிறார். தச்சர் வருகிறாரா, வருகிறார். ஸ்டார் போட முடிகிறதா, முடிகிறது. இவள் ஒவ்வொன்றாக அமுக்கி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போனபிறகு எங்கள் இரண்டு பேரையும் அப்படி யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்று தோன்றியது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாம் முடித்து மூடி வைத்துவிட்டு ஜோதி என்னைப் பார்த்து, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவளும்தான். ரசம் வைத்துச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை ரூபீனா திட்டினாளாம். டிக் அடித்ததைத் திட்டினாளாம், ஜோதியைத் திட்டவில்லையாம். இனிமேல் ஒத்திகைப் பேர்களை எடுத்துவிட்டோமா என்பதை இரண்டு பேர் பார்ப்பது என்று வைத்துவிட்டார்கள். வேலைக்கு ஆபத்தில்லை. உன் பேரிலும் இப்போது கறை இல்லை, பேரே இல்லையே. நானும் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று, அதை எழுதி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான் என்று ஜோதி சொல்வாள். இனி டீ இரண்டு டம்ளர் வைப்பதில்லை, போனை எடுத்துப் பார்ப்பதில்லை, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், சோற்றில் உப்பு போதவில்லை என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் ஆளைச் சொல்லாமல் தப்பை மட்டும் சொல்லச் சொல். பிரிஸில்லா டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொன்னார், ஜெபத்தில் உன் பேரைச் சேர்த்துவிட்டாராம். இந்தக் கடிதத்தை எந்தத் தபால் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் மீட்டர் பெட்டிக்குள் வைக்கிறேன். எங்கே போனாலும் முதலில் அதைத் திறந்து பார்க்காமல் உன் கை சும்மா இருக்காது. மழை பெய்து மேலே மின்னல் வெட்டினால், வெறுங்காலோடு நின்று வேலை செய்யாதே, செருப்பைப் போட்டுக்கொள்.

இனிமேல் உன்னை எதிர்பார்க்காத,
தேவானை.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதே. நீலக் கட்டத்தில்தான் உன்னை எடுத்தோம். சாம்பல் கட்டம் அப்படியே இருக்கிறது. ஒத்திகைக் கம்ப்யூட்டரில் யாரும் கைவைக்கவில்லை, ஜோதி அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறாள், ஆனால் நேற்று என் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவளே எடுத்துக் குத்திவைத்தாள். இப்போது டீக்குத் தண்ணீர் கொதிக்கிறது, இரண்டு டம்ளருக்குத்தான். அமுக்கினேன். வந்துகொண்டிருக்கிறாய் என்று போட்டிருக்கிறது. வண்டி நகரவில்லை. மாமா, இப்ப எங்க வந்துக்கினு கீறே?